சமையல் பள்ளி முடித்தாயிற்று, அடுத்து எந்த அடுப்பு?

கேள்வியின் சுருக்கம் இதுதான். வயது இருபத்தெட்டு. நாலு வருடம் அலுவலக வேலை பார்த்தீர்கள், அதை விட்டுவிட்டு ஒரு வருடச் சமையல் பள்ளிப் படிப்பை முடித்திருக்கிறீர்கள். கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் ஹோட்டல் கிச்சனுக்குப் போகிறார்கள், ஒருவர் கேக் ஆர்டர் எடுக்கத் தொடங்கிவிட்டார், இன்னொருவர் கப்பலுக்குப் போகிறேன் என்கிறார். நீங்கள் எந்தப் பக்கம் போவது? இந்த வயது தாமதமா? கடைசியாக, அடுத்த வாரம் ஓர் உணவகத்தில் ட்ரையல் (வேலைக்கு எடுக்குமுன் ஆளை நிற்கவைத்துப் பார்ப்பது) இருக்கிறது, அதற்கு என்ன தயாரிப்பு?

நான் பதினோரு வருடம் ஹோட்டல், உணவகக் கிச்சன்களில் நின்றவன். அப்புறம் ஆறு வருடம் ஓர் உணவுத் தயாரிப்பு நிறுவனத்தின் சோதனைக் கூடத்தில் இருந்தேன். இப்போது வாரத்தில் மூன்று நாள் சமையல் பள்ளியில் வகுப்பெடுக்கிறேன். படித்து வெளியே போகிற பிள்ளைகளையும் தெரியும், அவர்களை வேலைக்கு எடுக்கிற செஃப்களையும் தெரியும். அதை வைத்துச் சொல்கிறேன்: பதவி என்ன, சம்பளம் என்ன என்று பார்ப்பதற்கு முன்னால் அந்த வேலையின் கடிகாரத்தைப் பாருங்கள். எல்லோரும் சாப்பிட உட்காரும்போது நிற்கிறவர் உணவகக்காரர். எல்லோரும் தூங்கும்போது எழுகிறவர் பேக்கரிக்காரர். மருத்துவமனைச் சமையல்காரர் பொழுது சாய்வதற்குள் வீட்டுக்குப் போய்விடுவார். கப்பல்காரருக்கு மாதக்கணக்கில் வீடே கிடையாது. என்னிடம் படித்து, இரண்டு வருடத்துக்குள் தொழிலையே விட்டவர்களில் சமைக்கப் பிடிக்கவில்லை என்று சொன்னவர் ஒருவர்கூட ஞாபகத்துக்கு வரவில்லை. நேரம் ஒத்துவரவில்லை என்றவர்கள்தான் எல்லோரும்.

முதலில் பள்ளி உங்களுக்கு எதைக் கொடுத்தது, எதைக் கொடுக்கவில்லை என்பதைப் பார்த்துவிடலாம். பள்ளியில் ஒரு பதார்த்தத்துக்கு மூன்று மணி நேரம் கிடைத்திருக்கும். கிச்சனில் அதே மூன்று மணி நேரத்தில் எண்பது பேருக்குத் தட்டு போகும், அதில் பன்னிரண்டு வகை இருக்கும். என் முதல் வேலையின் முதல் நாள் இருபது கிலோ வெங்காயத்தைக் காட்டி, அரை சென்டிமீட்டர் கட்டமாக நறுக்கச் சொன்னார்கள். வகுப்பில் என் கத்தி வேலைக்குத்தான் முழு மதிப்பெண், அதனால் ஒரு மிதப்பு. மூன்று கிலோ முடித்திருந்தபோது செஃப் வந்தார். குவியலிலிருந்து ஐந்து துண்டுகளை எடுத்துப் பலகை ஓரத்தில் வரிசையாக வைத்தார். இரண்டு துண்டுகள் மற்றவற்றைவிட ஒன்றரை மடங்கு இருந்தன. "இது வேகிறதுக்குள்ள அது கருகிடும்" என்றார், போய்விட்டார். கடிகாரத்தைப் பார்த்தேன். ஐம்பது நிமிடம் போயிருந்தது. மீதிப் பதினேழு கிலோவுக்கு ஒன்றரை மணி நேரம்தான் பாக்கி. வெட்டத் தெரிவது வேறு, அதையே வேகமாக, ஒரே அளவாக, களைத்த பிறகும் வெட்டுவது வேறு என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அதனால் எந்தப் பாதையைப் பிடித்தாலும், முதல் ஒரு வருடமாவது ஆர்டர் வந்து விழுகிற ஒரு கிச்சனில் நின்றுவிடுங்கள் என்பேன். மற்றப் பாதைகள் எல்லாமே அங்கே கிடைக்கும் மூன்று சங்கதிகளை நம்பித்தான் ஆள் எடுக்கின்றன: வேகம், சுத்தம், கணக்கு.

கிச்சனின் படிநிலை உலகில் எங்கே போனாலும் ஏறக்குறைய ஒன்றுதான். அதற்கு வடிவம் கொடுத்தவர் பிரெஞ்சு செஃப் ஒகுஸ்த் எஸ்கோஃபியே. பதின்மூன்று வயதில் உறவினர் ஒருவரின் உணவகத்தில் எடுபிடியாகச் சேர்ந்தவர், 1870 போரில் பிரெஞ்சு ராணுவத்துக்குச் சமைத்தவர். 1890-களில் லண்டன் சவாய் ஹோட்டலின் கிச்சனை நடத்தியபோது படையணி மாதிரி வேலையைப் பிரித்தார். சாஸுக்கு ஓர் ஆள், மீனுக்கு ஓர் ஆள், வறுவலுக்கு ஓர் ஆள், குளிர்ந்த பதார்த்தங்களுக்கு ஓர் ஆள். ஒரே தட்டின் பகுதிகளைப் பல கைகள் ஒரே நேரத்தில் செய்து, கடைசியில் ஓரிடத்தில் சேர்ப்பது. இன்றைக்கும் நீங்கள் நுழைகிற இடம் 'கமி'. சில ஹோட்டல்களில் அதையே 3, 2, 1 என்று பிரித்திருப்பார்கள். அடுத்தது ஒரு பகுதிக்குப் பொறுப்பான செஃப் த பார்ட்டி, அப்புறம் சூ செஃப், அதற்கு மேலே தலைமை செஃப். நான் பார்த்தவரை கமியிலிருந்து ஒரு பகுதியைக் கையில் வாங்க மூன்று நாலு வருடம் ஆகும். சூ செஃப் ஆக இன்னும் அத்தனை வருடம். இரண்டே வருடத்தில் சூ செஃப் ஆக்குகிறோம் என்று ஓர் இடம் சொன்னால், அங்கே ஆட்கள் நிற்பதில்லை என்று அர்த்தம்.

பெரிய ஹோட்டலா, சின்ன உணவகமா? ஹோட்டலில் ஒழுங்கு உண்டு. ஷிஃப்ட் அட்டவணை, விடுப்பு, பயிற்சி, வேறு ஊர்க் கிளைக்கு மாற்றல் எல்லாம் உண்டு. ஆனால் காலை உணவுப் பகுதியில் மாட்டினால் எட்டு மாதம் முட்டை மட்டும் போட்டுக்கொண்டிருக்க நேரலாம். சின்ன உணவகத்தில் ஒரே மாதத்தில் நாலு பகுதியும் கைக்கு வரும். பாத்திரம் கழுவுகிறவர் வரவில்லை என்றால் அதுவும் வரும். அங்கே நல்லது கெட்டது இரண்டுமே தலைமை செஃப் என்ற ஒரே மனிதரைப் பொறுத்தது. என் ஓட்டு, முதல் வேலைக்கு, நாற்பது ஐம்பது இருக்கைகள் உள்ள, செஃப் தினமும் பாஸில் நிற்கிற உணவகத்துக்குத்தான். பாஸ் என்றால் தட்டுகள் வெளியே போகுமுன் வந்து சேரும் அந்த மேடை. செஃப் அங்கே நின்றால் உங்கள் தட்டு ஒவ்வொன்றும் அவர் கண்ணில் பட்டே போகும். அதைவிடப் பெரிய வகுப்பு கிடையாது.

பேக்கரியும் பேஸ்ட்ரியும் வேறு சுபாவக்காரர்களுக்கானவை. அடுப்படியில் ருசி பார்த்துத் திருத்தலாம். ஓவனுக்குள் போன பிறகு ரொட்டியைத் திருத்த முடியாது. எல்லாம் எடைதான், அதுவும் சதவீதத்தில். மாவை 100 என்று வைத்து மற்றவற்றைக் கணக்கிடுவார்கள். தண்ணீர் 65, உப்பு 2, ஈஸ்ட் 1 என்றால், 20 கிலோ மாவுக்கு 13 கிலோ தண்ணீர், 400 கிராம் உப்பு, 200 கிராம் ஈஸ்ட். அலுவலகத்தில் விரிதாளோடு புழங்கியவருக்கு இது பிடித்துப்போகும். ரொட்டிக் கடையில் வேலை இரவு இரண்டு மூன்று மணிக்குத் தொடங்கி மதியத்துக்குள் முடியும். ஹோட்டல் பேஸ்ட்ரியில் அவ்வளவு கொடுமை இல்லை, பகல் ஷிஃப்ட் கிடைக்கும். ஒன்றை மட்டும் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை: மாவுத் தூசியை வருடக்கணக்கில் சுவாசிப்பதால் வருகிற ஆஸ்துமா, பேக்கரித் தொழிலாளர்களிடம் நன்கு அறியப்பட்ட நோய். ஏற்கெனவே இழுப்பு உள்ளவர் என்றால் மருத்துவரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

கப்பலுக்குப் போகிற நண்பர் எந்தக் கப்பல் என்று தெளிவாக இருக்கிறாரா என்று கேளுங்கள், ஏனென்றால் அதில் மூன்று உலகங்கள் இருக்கின்றன. சுற்றுலாக் கப்பல் என்பது மிதக்கும் ஹோட்டல். நூறு பேருக்கு மேல் உள்ள கிச்சன், ஆறு முதல் ஒன்பது மாத ஒப்பந்தம், வார விடுமுறை இல்லை. சரக்குக் கப்பலில் ஒன்றிரண்டு பேர்தான் மொத்தக் கிச்சனும். இருபது இருபத்தைந்து பேருக்கு மூன்று வேளையும் நீங்களே. தனியார் சொகுசுப் படகுகளில் எண்ணிக்கை குறைவு, எதிர்பார்ப்பு அதிகம். எதுவானாலும் சமையல் சான்றிதழ் மட்டும் போதாது. எஸ்டிசிடபிள்யூ என்கிற சர்வதேச உடன்படிக்கைப்படியான அடிப்படைக் கடல் பாதுகாப்புப் பயிற்சியும் (தீயணைப்பு, முதலுதவி, நீரில் உயிர் தப்புவது) மாலுமிகளுக்கான உடல்தகுதிச் சான்றும் கேட்பார்கள். 2006-ல் நிறைவேறி 2013-ல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் பணியாளர் தேவை என்று வரையறுக்கப்பட்ட கப்பலில் தகுதிபெற்ற சமையல்காரர் இருக்க வேண்டும் என்கிறது. பதினெட்டு வயது நிறையாதவரைக் கப்பல் சமையல்காரராக வைக்கக் கூடாது. ஓய்வுக்கும் அதே உடன்படிக்கையில் அளவு உண்டு: எந்த 24 மணி நேரத்திலும் குறைந்தது 10 மணி, ஏழு நாளில் 77 மணி. அந்தப் பத்தை இரண்டு துண்டுக்கு மேல் பிரிக்கக் கூடாது, ஒரு துண்டு ஆறு மணி நேரமாவது இருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் இந்த எண்கள் தெரிந்திருப்பது நல்லது. பணம் சேரும், உண்மை. செலவழிக்க இடமில்லை என்பதால்தான் பாதி சேருகிறது.

இப்போது யாருமே ஆசைப்பட்டுக் கேட்காத பாதைக்கு வருகிறேன். மருத்துவமனை, பள்ளி, தொழிற்சாலை, விமானம் என்று மொத்தமாகச் சமைத்து அனுப்புகிற கிச்சன்கள். வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் முகம் சுருங்கும். அலங்காரத் தட்டு இல்லை, பெயர் வராது. ஆனால் கடிகாரத்தைப் பாருங்கள்: பெரும்பாலும் பகல் வேலை, முன்கூட்டியே தெரிகிற அட்டவணை, ஓய்வூதியம் மாதிரியான சலுகைகள். குழந்தை உள்ளவர்கள், வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்கிறவர்கள் இந்தத் தொழிலில் நீடிப்பதை நான் இங்கேதான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

சவால் இல்லை என்றும் நினைக்காதீர்கள். விழுங்கச் சிரமப்படும் நோயாளிகளின் உணவுக்கு ஐடிடிஎஸ்ஐ என்று உலகப் பொதுவான ஒரு அளவுகோல் இருக்கிறது. 0 முதல் 7 வரை எட்டு நிலைகள், தண்ணீரில் தொடங்கிச் சாதாரண உணவு வரை. ஐந்தாம் நிலையில் பெரியவர்களுக்கான உணவுத் துணுக்கு 4 மில்லிமீட்டர் அகலத்துக்குள் இருக்க வேண்டும். சாதாரண முள்கரண்டியின் இரண்டு பற்களுக்கு நடுவில் உள்ள இடைவெளியும் ஏறக்குறைய அவ்வளவுதான் என்பதால், முள்கரண்டியை உணவில் அழுத்தியே பரிசோதிப்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரு மருத்துவமனைச் சமையல்காரர் மீனை அந்த அளவுக்கு மசித்து, சாற்றிலேயே ஈரப்படுத்தி, மறுபடி மீன் துண்டின் வடிவத்தில் அச்சிட்டுத் தட்டில் வைப்பார். மூன்று மாதம் கூழ் மட்டுமே பார்த்திருந்த ஒரு பெரியவர் அதைக் கண்டதும் முதலில் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார் என்று சொன்னார். விமான உணவும் தனிப் படிப்பு. பறக்கும்போது உள்ளே இருக்கும் காற்றழுத்தம் கிட்டத்தட்ட 1,800 முதல் 2,400 மீட்டர் உயர மலையில் நிற்பதற்குச் சமம், காற்றும் வறண்டது. மூக்கு காய்ந்து, உப்பும் இனிப்பும் மங்கிப்போகும். தரையில் சரியாக இருக்கிற சாஸ் மேலே சப்பென்று இருக்கும்.

சுத்தம் என்றேனே, அதில் என் சொந்த அவமானம் ஒன்று. இரண்டாவது வருடம். நாற்பது லிட்டர் ஸ்டாக் (எலும்பும் காயும் போட்டு எடுக்கும் சாறு) காய்ச்சினேன். இரவு பதினொன்றரை. வடிகட்டினேன், மூடியைப் போட்டேன், அப்படியே குளிர் அறைக்குள் தள்ளிவிட்டுப் போய்விட்டேன். காலையில் திறந்தால் ஓரத்தில் சில்லென்று, நடுவில் கை வைத்தால் வெதுவெதுப்பு. மேலே சின்னச் சின்னக் குமிழி, லேசான புளிப்பு வாடை. சூ செஃப் திட்டவில்லை. என்னையே முழுவதையும் கொட்டச் சொல்லி, எலும்பு, காய், எரிவாயு, பத்து மணி நேரம் என்று ஒரு தாளில் கணக்கு எழுதச் சொன்னார். அமெரிக்க உணவு விதித்தொகுப்பு சொல்வது இது: சமைத்த உணவு 57 டிகிரி செல்சியஸிலிருந்து 21-க்கு இரண்டு மணி நேரத்தில் இறங்க வேண்டும், அடுத்த நாலு மணி நேரத்தில் 5-க்கு வர வேண்டும். பெரிய பாத்திரத்தில் மூடி வைத்தால் அது நடக்கவே நடக்காது. ஆழமில்லாத தட்டுகளில் பிரித்து ஊற்ற வேண்டும், அல்லது பனிக்கட்டித் தொட்டியில் வைத்துக் கிளற வேண்டும். புத்தகத்தில் படித்திருந்தேன், பரீட்சையிலும் எழுதியிருந்தேன். உடம்பு கற்றுக்கொண்டது அந்தக் காலையில்தான். உணவுப் பாதுகாப்புத் தணிக்கை என்று ஒரு பாதையும் உண்டு. உணவில் ஆபத்து எங்கே வரலாம் என்று முன்கூட்டியே கண்டுபிடித்துத் தடுக்கும் ஹசாப் முறையில் பயிற்சி எடுத்து அங்கே போகிற சமையல்காரர்களுக்கு மதிப்பு அதிகம், ஏனென்றால் ஆட்கள் எங்கே குறுக்கு வழி எடுப்பார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். அவர்களே எடுத்திருப்பார்கள்.

சோதனைக் கூடத்துக்கு வருவோம். பொட்டலத்தில் வரும் சூப், சாஸ், உறைந்த உணவு எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு சமையல்காரர் இருக்கிறார். முதலில் அடுப்பில் செலவைப் பார்க்காமல் நல்ல ருசியில் ஒன்றைச் செய்வோம். அதுதான் இலக்கு. பிறகு அதை 500 கிலோ கொதிகலனுக்குக் கொண்டுபோவோம், அங்கே எல்லாம் தலைகீழாகும். பெரிய கலனில் சூடேற நேரமாகும், அதனால் பூண்டும் இலைகளும் அளவுக்கு மேல் வெந்துபோகும். பரப்பு குறைவு என்பதால் தண்ணீர் வற்றாது. ஐந்து பேருக்குப் போட்ட அளவை நூறால் பெருக்கினால் ருசி வராது. அமிலத்தன்மையும் பார்க்க வேண்டும். பிஎச் 4.6-க்கு மேல் இருந்தால் போட்டுலிசம் என்ற கொடிய உணவு நஞ்சை உண்டாக்கும் கிருமி வளர இடம் உண்டு, ஆகவே காற்றுப் புகாத டப்பாவில் அடைக்கிற முறையே மாறும். ருசிச் சோதனை இன்னொரு வேடிக்கை. மூன்று கிண்ணம் வைப்பார்கள், இரண்டில் ஒரே சாஸ், ஒன்றில் வேறு. எது வேறு என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். மலிவான தக்காளி விழுதுக்கு மாறினால் வாடிக்கையாளருக்குத் தெரியுமா என்பதை இப்படித்தான் பார்ப்பார்கள். பதினோரு வருடம் சமைத்தவன் என்ற தெம்போடு உட்கார்ந்த நான் முதல் வாரம் ஐந்தில் இரண்டைத்தான் சரியாகச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலே மூன்றில் ஒரு பங்கு சரியாக வரும் என்பதை நினைத்தால் பெருமைப்பட ஒன்றுமில்லை.

இந்த வேலைக்கு ஒன்பது மணி முதல் ஆறு மணி, வார இறுதி விடுப்பு. உணவுத் தொழில்நுட்பத்தில் ஒரு பட்டயமாவது சேர்த்துக்கொள்வது நல்லது, கிச்சன் அனுபவமும் கேட்பார்கள். இரண்டு மூன்று வருடம் கழித்து உங்களுக்கு இது நன்றாகப் பொருந்தும் என்று தோன்றுகிறது. நாலு வருடம் அறிக்கை எழுதிய கை, கூட்டத்தில் பேசத் தெரிந்த வாய். கிச்சன்காரர்களிடம் இவை இரண்டும் அரிது, எனக்கும் இருக்கவில்லை.

கேமரா பக்கம் போகிறவர்கள் பற்றிச் சுருக்கமாக. உணவு அலங்கரிப்பவர் படத்துக்காகச் சமைப்பவர். காயை முக்கால் பதத்தில் எடுப்பார், நிறம் போகாமலிருக்க. விளக்கு சரிசெய்யும் வரை ஒரு டம்மித் தட்டு மேசையில் நிற்கும், உண்மைத் தட்டு கடைசி நிமிடத்தில் வரும். கிளிசரின் கலந்த தண்ணீரைத் தெளித்தால் பனித்துளி சீக்கிரம் காயாது. பொறுமைசாலிகளுக்கான வேலை. தொடக்கத்தில் யாருக்காவது உதவியாளராகப் பை தூக்கித்தான் ஆக வேண்டும், மாதச் சம்பளம் கிடையாது. செய்முறை எழுதுவதும் சோதிப்பதும் இதன் அக்கா தங்கை. "தேவையான அளவு உப்பு" என்று எழுதுகிறவருக்கு அங்கே இடமில்லை, கிராமில் வேண்டும், ஒரே செய்முறையை மூன்று முறையாவது சமைத்துப் பார்த்திருக்க வேண்டும். சொந்தமாக வீடியோ போடுவது பற்றி எனக்கு அனுபவமில்லை.

தனி வீடுகளுக்குச் சமைப்பதில் இரண்டு வகை. ஒரே குடும்பத்துக்கு முழுநேரம் என்பது ஒன்று. நாளுக்கொரு வீடாகப் போய், சமைத்துப் பெட்டியில் அடைத்து வைத்துவிட்டு வருவது மற்றொன்று. முதலாவதில் சம்பளம் நன்றாக இருக்கும், சொந்த நேரம் இருக்காது. இரண்டாவதை இரண்டு வருட அனுபவத்தோடு தைரியமாகத் தொடங்கலாம். கற்பித்தலுக்கு அவசரப்படாதீர்கள். படித்த கையோடு பாடம் எடுக்க வருகிறவரிடம் மாணவர் கேட்கும் முதல் கேள்வியே "நீங்க எங்க வேலை பார்த்தீங்க?" என்பதுதான். பொருள் கொள்முதல், கிச்சன் இயந்திரம் விற்கும் நிறுவனங்களில் செயல்விளக்கம் செய்வது, விருந்து ஏற்பாடு இவையெல்லாம் பிறகு வரும் கிளைகள்.

சொந்தத் தொழில். கேக் ஆர்டர் எடுக்கும் உங்கள் தோழரிடம் ஒன்று கேளுங்கள்: ஒரு கேக்கில் அவருடைய ஒரு மணி நேரத்துக்கு என்ன விலை போட்டிருக்கிறார்? பெரும்பாலும் பூஜ்யம் என்றுதான் பதில் வரும். கணக்கு எங்கே வழுக்கும் என்பதற்கு மீனை எடுத்துக்கொள்ளுங்கள். முழு மீன் கிலோ 100 என்று வாங்குகிறீர்கள். தலை, முள், தோல் போக நூற்றுக்கு நாற்பத்தைந்து பங்கு சதை மிஞ்சுகிறது. அப்படியானால் சதையின் விலை கிலோ 100 இல்லை, 222. ஒரு தட்டுக்கு 180 கிராம் வைத்தால் மீனுக்கு மட்டும் 40. பொருள் செலவு விற்பனை விலையில் முப்பது சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று வைத்தால், மீனை மட்டும் கணக்கிட்டாலே தட்டின் விலை 133. இன்னும் எண்ணெய், காய், சாஸ் எதையும் சேர்க்கவில்லை. கிலோ 100 என்பதையே மனதில் வைத்துக்கொண்டு, 180 கிராமுக்குப் பதினெட்டுதானே என்று அறுபதுக்கு விற்கிறவர், கூட்டம் கூடக்கூட நஷ்டமும் கூடி, ஏன் என்றே தெரியாமல் கடையை மூடுவார். எந்தக் கிச்சனில் சேர்ந்தாலும் ஆறு மாதத்துக்குள் பொருள் கணக்குத் தாளை யார் போடுகிறார்களோ அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். கமி வந்து இதைக் கேட்டால் ஆச்சரியப்படுவார்கள், மறுக்க மாட்டார்கள். அதைப் போடத் தெரியும் வரை கடன் வாங்கித் தொழில் தொடங்க வேண்டாம்.

வயதுக்கு வருகிறேன். அமெரிக்கச் சமையல் நிபுணர் ஜூலியா சைல்ட் பாரிஸின் லெ கோர்தோன் ப்ளூ பள்ளியில் சேர்ந்தது 1949-ல், முப்பத்தேழு வயதில். அதற்கு முன்னால் பார்த்தது அரசு அலுவலக வேலை. தொலைக்காட்சியில் அவர் சமையல் நிகழ்ச்சி தொடங்கியபோது ஐம்பது. அவர் உணவக அடுப்பில் படிப்படியாக ஏறி வந்தவரும் இல்லை. உங்களுக்கு இருபத்தெட்டில் இருக்கப்போகும் உண்மையான சிரமம் வேறு. இருபத்திரண்டு வயதுப் பையன் உங்களுக்கு மேலதிகாரியாக நின்று கத்துவான். முதல் மாதம் அது உறுத்தும். முழங்கால் அவனுடையதைவிடச் சீக்கிரம் வலிக்கும். வழுக்காத, நல்ல தாங்குதல் உள்ள காலணிக்குச் செலவழியுங்கள், கத்தியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

சரி, ட்ரையல். சொந்தக் கத்தி ஒன்று, நன்றாகத் தீட்டியது. காய் சீவும் சின்னக் கத்தி. வெப்பமானி. சட்டைப்பையில் அடங்கும் நோட்டு, பேனா, லேபிள் எழுத மார்க்கர். கால் மணி நேரம் முன்னால் போய்விடுங்கள். அங்கே நீங்கள் எவ்வளவு அழகாகத் தட்டு வைக்கிறீர்கள் என்று யாரும் பார்க்கப் போவதில்லை. ஒரு வேலை முடிந்ததும் பலகையைத் துடைக்கிறீர்களா, ருசி பார்த்த கரண்டியை மறுபடி பாத்திரத்தில் விடுகிறீர்களா, டப்பாவில் தேதி எழுதுகிறீர்களா, கத்தியோடு ஒருவருக்குப் பின்னால் போகும்போது குரல் கொடுக்கிறீர்களா என்றுதான் கண் இருக்கும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். சர்வீஸ் நடக்கும்போது கேள்வி கேட்காதீர்கள், நோட்டில் குறித்துவைத்து முடிந்ததும் கேளுங்கள்.

நீங்களும் அவர்களைப் பாருங்கள். பணியாளர் சாப்பாடு எப்படி இருக்கிறது, உட்கார்ந்து சாப்பிட நேரம் கொடுக்கிறார்களா? குளிர் அறையில் பச்சை இறைச்சி கீழ்த் தட்டில் இருக்கிறதா, சமைத்ததற்கு மேலேயா? செஃப் கோபப்படும்போது வேலையைத் திட்டுகிறாரா, ஆளைத் திட்டுகிறாரா? முடிவில் மூன்று கேள்வி போதும்: வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஷிஃப்ட் ஒரே துண்டா, நடுவில் பிரிகிறதா, எனக்கு முன்னால் இந்த இடத்தில் இருந்தவர் எத்தனை மாதம் இருந்தார்? மூன்றாவதற்கு வருகிற பதிலைவிட, பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்பதைக் கவனியுங்கள்.

சம்பளமில்லாத ட்ரையல் ஒரு நாள், மிஞ்சிப்போனால் இரண்டு நாள். என் காலத்தில் ஓர் இடத்தில் "இன்னும் கொஞ்சம் பார்க்கலாம்" என்றே பத்தொன்பது நாள் ஓட்டினார்கள். விழாக் கூட்டம் முடிந்த மறுநாள் ஆள் தேவையில்லை என்றார்கள். ஆகவே மூன்றாம் நாளும் வரச் சொன்னால், எந்தத் தேதியிலிருந்து சம்பளம் என்று அப்போதே, எல்லோர் முன்னாலும் இல்லாமல் தனியாக, செஃபிடம் கேட்டுவிடுங்கள்.